கலிஃபோர்னியாவில் வேலைக்காயம்: சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் அனுமதி மறுத்தால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே உள்ளது முழுக்கக் கலிஃபோர்னியாவின் நடைமுறை. டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நாள்கணக்கும் படிவங்களும் பொருந்தாது.

டாக்டர் எழுதிக்கொடுத்த சிகிச்சைக்கு இன்னொருவர் ஏன் அனுமதி தர வேண்டும்?

வேலையில் பட்ட காயத்தைக் குணப்படுத்தவோ அதன் வேதனையைத் தணிக்கவோ நியாயமாகத் தேவைப்படும் சிகிச்சை முழுவதையும் முதலாளியே தர வேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டத்தின் 4600ஆம் பிரிவு. அதற்கான பணத்தைக் கொடுப்பது முதலாளி வாங்கியிருக்கும் காப்பீடு. ஆனால் ‘நியாயமாகத் தேவை’ எது என்று பார்க்க 4610ஆம் பிரிவு காப்பீட்டாளருக்கு ஒரு சல்லடையைக் கொடுத்திருக்கிறது. அதன் பெயர் யூட்டிலைசேஷன் ரிவ்யூ, பேச்சில் யூ.ஆர். உங்கள் டாக்டர் கேட்டதை, உங்களைப் பார்த்தே இராத ஒரு டாக்டர் காகிதத்தை மட்டும் வைத்து எடைபோடுவார். அவரிடம் கலிஃபோர்னியா உரிமம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அமெரிக்காவின் எந்த மாநில உரிமமும் போதும்.

அதனால் எடைபோடப்படுவது உங்கள் வலி அல்ல, உங்கள் டாக்டரின் அறிக்கை. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இதையே சுற்றி வருகின்றன.

“டினைட்” என்று கடிதம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எந்த வகை மறுப்பு என்று பாருங்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி வழி, தனிக் கெடு. பலர் தோற்பது தப்பான கதவைத் தட்டிக்கொண்டு கெடுவைத் தவறவிடுவதால்தான்.

காயமே வேலையில் பட்டதல்ல என்று உங்கள் மொத்த இழப்பீட்டுக் கோரிக்கையையும் நிராகரித்திருந்தால் அது சட்டத் தகராறு. அது போக வேண்டிய இடம் தொழிலாளர் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம்.

காயத்தை ஒப்புக்கொண்டு, “தோள் சரி, கழுத்து எங்கள் பொறுப்பல்ல” என்று ஓர் உறுப்பை மட்டும் மறுத்திருந்தால், கடிதத்தில் பெரும்பாலும் ‘டெஃபர்’, அதாவது ஒத்திவைப்பு என்ற சொல் இருக்கும். இதற்கும் யூ.ஆருக்கும் சம்பந்தமில்லை. கியூ.எம்.இ. எனப்படும் மதிப்பீட்டு மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, கழுத்துக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று எழுத வேண்டும். அது தீரும்வரை கழுத்துக்கான எம்.ஆர்.ஐ. நகராது.

“மருத்துவ ரீதியாக அவசியமில்லை” என்று ஒரு டாக்டர் கையொப்பமிட்டிருந்தால்தான் அது உண்மையான யூ.ஆர். மறுப்பு. இதற்கான வழி ஐ.எம்.ஆர்., சுயேச்சை மருத்துவ மறுஆய்வு.

“தகவல் போதவில்லை” என்ற மறுப்பு எளிதில் சரிசெய்யக்கூடியது. விடுபட்ட தாளைச் சேர்த்து டாக்டர் மறுபடி அனுப்பினால் பல சமயம் வேலை முடிந்துவிடும்.

“படிவம் முழுமையாக இல்லை” என்று திருப்பி அனுப்பியிருந்தால் அது மறுப்பே அல்ல. உங்கள் கோரிக்கை இன்னும் தொடங்கவே இல்லை.

அட்ஜஸ்டர் போனில் முடியாது என்று சொல்லிவிட்டார். அது மறுப்பா?

இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் உங்கள் கோப்பைப் பார்க்கும் அட்ஜஸ்டரும் நர்ஸும் அனுமதி தரலாம். மருத்துவக் காரணம் காட்டி மறுக்கவோ குறைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, அதை ஒரு டாக்டர் மட்டுமே செய்ய முடியும். எழுத்தில் தரச் சொல்லுங்கள். கடிதத்தில் மறுத்த டாக்டரின் பெயர், அவர் எந்தத் துறை, எந்த மாநில உரிமம், எந்த நேரத்தில் போனில் கிடைப்பார் என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

எத்தனை நாளில் பதில் தர வேண்டும்?

இனி செய்யப்போகும் சிகிச்சை என்றால், ஆர்.எஃப்.ஏ. எனப்படும் அனுமதி கோரும் படிவம் கைக்கு வந்து 5 வேலை நாளுக்குள். அந்த ஐந்து நாளுக்குள் கூடுதல் தகவல் கேட்டிருந்தால் மொத்தம் 14 நாள் வரை இழுக்கலாம். உயிருக்கோ உடலுறுப்புக்கோ உடனடி ஆபத்து என்று டாக்டர் காரணத்தோடு குறித்திருந்தால் 72 மணி நேரம். முடிந்துபோன சிகிச்சைக்கு 30 நாள்.

சின்ன விஷயம்போலத் தெரியும் ஒன்று: ஃபேக்ஸோ மின்னஞ்சலோ பசிபிக் நேரப்படி மாலை 5.30 மணிக்குப் பிறகு போனால் அடுத்த வேலை நாளில் வந்ததாகவே கணக்கு. வெள்ளிக்கிழமை 5.40க்குப் போனது திங்கட்கிழமை வந்ததாகிவிடும்.

கெடு தாண்டி மறுத்தால்?

அந்த மறுப்பு செல்லாது. 2014இல் டுபான் எதிர் வேர்ல்ட் ரெஸ்டோரேஷன் வழக்கில் மேல்முறையீட்டு வாரியம் முழு அமர்வாக இதை முடிவு செய்தது. காலம் கடந்த யூ.ஆர். மறுப்பு ஐ.எம்.ஆருக்குப் போக வேண்டியதில்லை, சிகிச்சை தேவையா என்பதை இழப்பீட்டு நீதிபதியே தீர்மானிக்கலாம். அதே தீர்ப்பு இன்னொரு கதவை மூடியது: தாமதம் மட்டுமே கணக்கு. ஆவணத்தைச் சரியாகப் படிக்கவில்லை, தப்பான துறை டாக்டர் பார்த்தார் போன்ற குறைகளை நீதிபதியிடம் கொண்டுபோக முடியாது, அவை ஐ.எம்.ஆருக்கே போகும்.

தாமதத்தை நிரூபிக்க ஒரே ஒரு தாள் வேண்டும், டாக்டர் அலுவலகத்தின் ஃபேக்ஸ் உறுதிச் சீட்டு. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கோரிக்கை அனுப்பிய அன்றே ஆர்.எஃப்.ஏ., அதனுடன் போன அறிக்கை, உறுதிச் சீட்டு மூன்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள்.

நீதிபதி முன் தாமதம் நிரூபணமானாலும் சிகிச்சை தானாகக் கிடைத்துவிடாது. தேவை என்பதை டாக்டரின் அறிக்கை அப்போதும் காட்ட வேண்டும். தாமதம் ஆனது என்று நம்பி ஐ.எம்.ஆர். கெடுவைக் கோட்டை விடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

நல்ல ஆர்.எஃப்.ஏ. எப்படி இருக்கும்?

மறுப்புகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. படிவத்தில் டாக்டரின் கையொப்பம் வேண்டும். கேட்கும் சிகிச்சை குறிப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தேவையை நிறுவும் அறிக்கை, அதாவது முதல் அறிக்கையான 5021 படிவமோ பி.ஆர்.-2 முன்னேற்ற அறிக்கையோ விரிவான கட்டுரை அறிக்கையோ உடன் இருக்க வேண்டும். கையொப்பம், குறிப்பான சிகிச்சை, அறிக்கை மூன்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பலாம்.

“பிசியோதெரபி வேண்டும்” என்பது கோரிக்கை அல்ல. “வலது தோளுக்கு வாரம் 2 முறை, 6 வாரம், மொத்தம் 12 அமர்வு” என்பதுதான் கோரிக்கை. நோய்க்குறியீட்டு எண்ணும் சிகிச்சைக் குறியீட்டு எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

அறிக்கைதான் உயிர். யூ.ஆர். டாக்டர் அதை எம்.டி.யூ.எஸ். என்ற மாநிலச் சிகிச்சை வழிகாட்டியோடு ஒப்பிடுவார். அதன் பெரும்பகுதி ஏகோயெம் என்ற தொழில்மருத்துவ அமைப்பின் பரிந்துரைகள். முதுகு அறுவைக்குக் கேட்டால், அதற்கு முன் என்னென்ன செய்தும் பலனில்லை, எத்தனை வாரம், பரிசோதனையில் என்ன தெரிந்தது, ஸ்கேனில் எந்த மட்டத்தில் எந்த நரம்பு என்று வரிசையாக இருக்க வேண்டும். வழிகாட்டிக்கு அப்பாற்பட்ட ஒன்றைக் கேட்டால், வழிகாட்டி இந்த நோயாளிக்கு ஏன் பொருந்தாது என்று ஆய்வுச் சான்றோடு டாக்டர் எழுத வேண்டும். “என் அனுபவத்தில் இது உதவும்” என்பது செல்லாது.

நான் டாக்டரிடம் என்ன சொல்வது? அதுவும் அறிக்கையைப் பாதிக்குமா?

மிகவும். நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் மரியாதைக்கு “பரவாயில்லை டாக்டர்” என்போம். அது அறிக்கையில் “நோயாளி தேறிவருகிறார்” என்று ஏறிவிடும். அடுத்த வாரம் அதே அறிக்கையோடு ஊசிக்கோ அறுவைக்கோ கேட்டால் மறுப்பவருக்குக் காரணம் தேட வேண்டிய வேலையே இருக்காது. எதிர்ப்பக்கம், “உடம்பு முழுக்க வலிக்கிறது” என்பதும் உதவாது.

அளவோடு சொல்லுங்கள். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை பவுண்டு தூக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, சட்டையைத் தானாகப் போட முடிகிறதா. தொடர் சிகிச்சைக்கு அனுமதி கிடைப்பது செயல்திறன் கூடியிருக்கிறது என்று காட்டினால்தான். ஆறு அமர்வு பிசியோவுக்கு முன் கையைத் தோள் மட்டம்கூட உயர்த்த முடியவில்லை, இப்போது தலைக்கு மேல் போகிறது என்றால் அடுத்த ஆறுக்கு அதுதான் வாதம். வலி குறைந்தது என்ற ஒரு வரி போதாது.

ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் தடுமாறினால், மருத்துவ சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளரைக் காப்பீட்டாளர் செலவில் கேட்கும் உரிமை 4600ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தமிழுக்கு ஆள் கிடைக்க நாளாகலாம், சந்திப்பு குறித்த அன்றே எழுத்தில் கேளுங்கள். மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். வீட்டார் முன்னால் சிலவற்றைச் சொல்லமாட்டோம், அவர்களும் சிலவற்றைச் சுருக்கிவிடுவார்கள்.

அனுமதியே தேவைப்படாத சிகிச்சை உண்டா?

உண்டு. அவசர சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கவில்லை என்று பணம் மறுக்க முடியாது.

2018 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பட்ட காயம் என்றால், காயப்பட்ட முதல் 30 நாளில் காப்பீட்டாளரின் மருத்துவர் வலைப்பின்னலில் உள்ள டாக்டர், ஒப்புக்கொள்ளப்பட்ட உறுப்புக்கு, வழிகாட்டிக்குள் தரும் சிகிச்சை பெரும்பாலும் முன்கூட்டிய யூ.ஆருக்குப் போகாது. விலக்குகள் பல: அவசரமற்ற அறுவை, மனநல சிகிச்சை, வீட்டுப் பராமரிப்பு, எக்ஸ்ரே தவிர்த்த ஸ்கேன்கள், நரம்பு மின்பரிசோதனை, 250 டாலருக்கு மேற்பட்ட உபகரணங்கள், மாநிலத்தின் மருந்துப் பட்டியலில் முன் அனுமதியிலிருந்து விலக்குப் பெறாத மருந்துகள். முதல் சந்திப்பிலிருந்து 5 நாளுக்குள் டாக்டர் அறிக்கையையும் படிவத்தையும் அனுப்பவும் வேண்டும்.

இழப்பீட்டுக் கோரிக்கையையே ஏற்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறார்கள். அதுவரை சும்மா இருப்பதா?

வேண்டாம். டி.டபிள்யூ.சி.-1 என்ற கோரிக்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்து முதலாளியிடம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் வழிகாட்டிக்கு உட்பட்ட சிகிச்சையை அனுமதிக்க வேண்டும். ஏற்பு அல்லது நிராகரிப்பு முடிவாகும்வரை இதன் உச்சவரம்பு 10,000 டாலர். பொதுவாக 90 நாளுக்குள் நிராகரிக்காவிட்டால் காயம் வேலையில் பட்டதாகவே சட்டம் அனுமானிக்கும். வாய்மொழியாக மேலாளரிடம் சொன்னதற்கு இந்தக் கணக்குத் தொடங்காது, படிவம் கொடுத்தால்தான்.

ஐ.எம்.ஆருக்கு எப்படி விண்ணப்பிப்பது?

மறுப்புக் கடிதத்தோடு ஐ.எம்.ஆர். படிவம் பூர்த்தி செய்யப்பட்டே வர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டு, மறுப்புக் கடிதத்தின் நகலைச் சேர்த்து, படிவத்தில் அச்சாகியுள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டும். மாநிலத்துக்காக இதை நடத்துவது மேக்ஸிமஸ் என்ற நிறுவனம். கட்டணம் முழுவதும் காப்பீட்டாளர் தலையில்.

கெடு 30 நாள். மருந்துப் பட்டியல் சார்ந்த தகராறு என்றால் வெறும் 10 நாள், இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் அதிகம். டாக்டர் அலுவலகம் அனுப்பிவிடும் என்று இருந்துவிடாதீர்கள், அவர்களுக்கு உங்களைப்போல இன்னும் இருநூறு கோப்புகள்.

காப்பீட்டாளர் அனுப்ப வேண்டிய மருத்துவ அறிக்கைகள், ஆர்.எஃப்.ஏ. தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்கு உட்பட்டவை. உங்கள் எம்.ஆர்.ஐ. ஒரு வருடத்துக்கு முன் எடுத்ததா? பழைய பிசியோ பலன் தராத குறிப்பு எட்டு மாதத்துக்கு முந்தையதா? அது தானாக மறுஆய்வாளர் கைக்குப் போகாது. ‘முன் சிகிச்சைக்குச் சான்று இல்லை’ என்று முடிவு வரும். அவற்றை நீங்களே தேதி வரிசைப்படி அடுக்கி அனுப்புங்கள். நூறு பக்கக் கட்டைவிட, பதினைந்து பக்கமும் முகப்பில் ஒரு பக்கக் குறிப்பும் மேல்.

மருத்துவ ஆவணங்கள் வந்து சேர்ந்து 30 நாளில் முடிவு, அவசரம் என்றால் 3 நாள். மறுஆய்வாளர் பெயர் உங்களுக்குத் தெரியாது. உங்கள் பக்கம் தீர்ந்தால் 5 வேலை நாளுக்குள் அனுமதி வர வேண்டும்.

ஐ.எம்.ஆரில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு?

குறைவு. பத்தில் சுமார் ஒன்பது மறுப்புகள் அங்கே அப்படியே உறுதியாகின்றன. அதனால் ஐ.எம்.ஆரை மட்டும் நம்பிக் கைகட்டி உட்காராமல், அதே வாரத்தில் இன்னும் இரண்டைச் செய்வது நல்லது.

ஒன்று, உங்கள் டாக்டர் மறுத்த டாக்டரை அழைத்துப் பேசுவது. வாரத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் அவர் கிடைக்க வேண்டும் என்பது விதி. அந்த நான்கு மணி நேரம் உங்கள் டாக்டர் அறுவை அரங்கில் இருக்கும் வேளையாக அமைவதும் நடக்கும். ஆனால் பேச முடிந்தால் பத்து நிமிடத்தில் தீரும். இன்னொன்று, காப்பீட்டாளரின் உள்முறையீடு. இது அவர்கள் வைத்திருந்தால்தான் உண்டு, 10 நாளுக்குள் கேட்க வேண்டும். இது நடக்கிறது என்பதற்காக ஐ.எம்.ஆரின் 30 நாள் நீளாது.

மறுத்த சிகிச்சையையே மறுபடி கேட்கலாமா?

யூ.ஆர். மறுப்பு 12 மாதம் நிற்கும். அதே கோரிக்கையை அதே அறிக்கையோடு அனுப்பினால் மறுஆய்வே செய்யாமல் ஒதுக்கலாம். நிலைமையில் முக்கிய மாற்றம் இருந்தால் புதிதாகக் கேட்கலாம், ஆனால் அது ஆவணத்தில் இருக்க வேண்டும்: புது ஸ்கேன், புதிய நரம்புப் பலவீனம், பலன் தராத ஊசி. டாக்டர் அறிக்கையின் முதல் வரியிலேயே “முந்தைய மறுப்புக்குப் பின் மாறியது இது” என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தில் புதைந்திருந்தால் யாரும் தேடமாட்டார்கள்.

ஐ.எம்.ஆர். முடிவுக்கு மேல் முறையீடு உண்டா?

உண்டு, ஊசிமுனை அளவு இடைவெளி. 30 நாளுக்குள் வாரியத்தில் போட வேண்டும். மோசடி, நலன் முரண், பாரபட்சம், அதிகார மீறல், அல்லது சாதாரண அறிவுக்கே தெரியும் உண்மைப் பிழை என்று காட்ட வேண்டும். இடது முழங்காலுக்குக் கேட்டதை வலது முழங்கால் என்று எண்ணி மறுத்தது அத்தகைய பிழை. ஜெயித்தாலும் நீதிபதி சிகிச்சையை உத்தரவிடமாட்டார், வேறொரு மறுஆய்வாளரிடம் திரும்பப் போகும்.

மறுத்த டாக்டர்மீது வழக்குப் போடலாமா?

கிங் எதிர் காம்ப்பார்ட்னர்ஸ் வழக்கில் 2018இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தப் பாதையை அடைத்துவிட்டது. ஒரு மருந்தைத் திடீரென்று நிறுத்திய யூ.ஆர். முடிவால் வலிப்பு வந்தது என்பது குற்றச்சாட்டு. இழப்பீட்டு அமைப்புக்குள் மட்டுமே தீர்வு என்றது நீதிமன்றம்.

பிசியோதெரபி 24 முறைக்கு மேல் கிடையாதா?

ஒரு காயத்துக்குப் பிசியோ 24, கைரோபிராக்டிக் 24, தொழில்வழிச் சிகிச்சை 24 என்பது சட்ட உச்சவரம்பு. அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வுக்கு இது பொருந்தாது. காப்பீட்டாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் மேலே போகலாம். எத்தனை முறை போனீர்கள் என்ற கணக்கை நீங்களும் வையுங்கள், அவர்கள் கணக்கில் நீங்கள் போகாத நாளும் சேர்ந்திருக்கலாம்.

அனுமதி கொடுத்துவிட்டு, சிகிச்சை முடிந்த பின் பணம் தரமாட்டோம் என்கிறார்கள்.

4610.3 பிரிவு இதைத் தடுக்கிறது. அனுமதியை நம்பிச் சிகிச்சை தந்தபின் எந்தக் காரணத்துக்காகவும் பின்வாங்க முடியாது. பில் உங்களுக்கு வந்தால் கட்டாதீர்கள். ஒப்புக்கொள்ளப்பட்ட வேலைக்காயத்துக்கான பாக்கியை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது.

சொந்த மருத்துவக் காப்பீட்டில் செய்துகொள்ளலாமா?

அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டால் செய்யலாம். செலவழித்த பணத்துக்கு அவர்கள் இழப்பீட்டு வழக்கில் பற்றுரிமை கோருவார்கள், அதாவது அதைத் திருப்பித் தரக் கேட்பார்கள். காயம் வேலையில் பட்டது என்பதை மட்டும் மறைக்காதீர்கள், பின்னால் அந்தப் பொய் உங்கள் வழக்கையே தின்றுவிடும். ‘வீட்டில் விழுந்தேன்’ என்று ஒரு முறை பதிவானால் அழிக்க முடியாது.

மறுப்பு, மறுஆய்வு என்று இழுத்தால் எனக்கு வேறென்ன நட்டம்?

காலம். வேலைக்குப் போக முடியாத நாளுக்கான தற்காலிக ஊனத்தொகை பெரும்பாலான காயங்களுக்கு 104 வாரம்தான், காயப்பட்ட ஐந்து ஆண்டுக்குள். அறுவைக்கு அனுமதி கிடைக்க ஓராண்டு போனால், அந்த ஓராண்டும் இந்த 104இல் கழிந்துகொண்டே இருக்கும். கடைசியில் அறுவை நடந்து படுத்திருக்கும்போது தொகை தீர்ந்திருக்கும். அதனால்தான் ஒரு மறுப்புக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் தருவது மூன்று வாரச் செலவு.

நியாயமற்ற தாமதத்துக்கு, தாமதித்த தொகையில் 25 சதவீதம் அல்லது 10,000 டாலர், எது குறைவோ அதுவரை அபராதம் கேட்கலாம். இதை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை, இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

வக்கீல் வேண்டுமா?

படிவம் முழுமையில்லை, தகவல் போதவில்லை என்ற வகைக்கு வேண்டாம். உறுப்பை மறுத்தாலோ, மொத்தக் கோரிக்கையை நிராகரித்தாலோ, யூ.ஆர். காலம் கடந்தது என்று வாதிட வேண்டுமென்றாலோ வேண்டும். கட்டணத்தை நீதிபதி நிர்ணயிப்பார், வழக்கமாக உங்களுக்குக் கிடைக்கும் தொகையில் 9 முதல் 15 சதவீதம், முன்பணம் இல்லை. சிகிச்சையில் மட்டும் தகராறு, தொகை எதுவும் இல்லை என்ற வழக்கை எடுக்கப் பல வக்கீல்கள் தயங்குவார்கள். அப்படியானால் மாநிலத்தின் தகவல் உதவி அதிகாரிகள் இருக்கிறார்கள், இலவசம், 1-800-736-7401. நீதிமன்றப் படிவம் நிரப்புவதில்கூட உதவுவார்கள். சிகிச்சை உரிமைக்கான துரித விசாரணைக்கு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் தேதி கிடைக்க வேண்டும், ஆனால் அதற்கு முன் வாரியத்தில் வழக்கு எண் வாங்கியிருக்க வேண்டும்.

விசா, ஆவணம் எதுவும் சரியில்லை. கேட்டால் சிக்கலா?

குடியேற்ற நிலை எதுவானாலும் வேலைக்காயத்துக்குச் சிகிச்சை பெறும் உரிமை கலிஃபோர்னியாவில் உண்டு. உணவகச் சமையலறையில் கை வெந்தவருக்கும் ஹெச்-1பி விசாவில் வந்து மணிக்கட்டு நரம்பு அழுந்தியவருக்கும் ஒரே சட்டம், ஒரே படிவம். கோரிக்கை போட்டதற்காக வேலையிலிருந்து நீக்கினால் அது 132ஏ பிரிவின்படி தனிக் குற்றச்சாட்டு, அதற்கு ஓராண்டுக் கெடு.